நூலக வரி கட்டியாச்சு, பூட்டைத் திற! உழவர் படிப்புக்கு உரிமமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்!



நந்தனம் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. கரும்புப் பாக்கிக்கு மனு எழுதினால் சர்க்கரைத் துறை ஆணையரகம் நந்தனத்தில், அண்ணா சாலை பெரியார் மாளிகையில் இருக்கிறது. பாலுக்கு விலை கேட்டுப் போனால் ஆவின் இல்லமும் அதே நந்தனத்தில்தான். ராத்திரி ரயிலேறி, விடிகாலை எழும்பூரில் இறங்கி, மஞ்சப்பையில் மனுவோடு அந்த வாசல்களில் போய் நின்ற நம்ம ஆட்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஆனால் அதே நந்தனத்தில், அதே சாலையில், ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சில ஆண்டுகளாகப் பொங்கலை ஒட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கிறதே, அதற்குள் நம்மில் எத்தனை பேர் கால் வைத்தோம்? 2024 டிசம்பர் 27-ல் தொடங்கி 2025 ஜனவரி 12 வரை நடந்தது 48-வது காட்சி. அது நமக்கு அறுவடையும் பொங்கல் வேலையும் நெருக்குகிற நேரம். நாம் களத்தில் நிற்கும்போது நம்ம தொழிலைப் பற்றிய புத்தகம் நந்தனத்தில் விற்பனையாகிறது.

என்னென்ன புத்தகம் என்று கேட்கிறீர்களா? ஜப்பான் உழவர் மசானபு ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' தமிழில் கிடைக்கிறது. நம்மாழ்வார் ஐயாவின் புத்தகங்கள் கிடைக்கின்றன. மண்புழு உரம், பாரம்பரிய நெல், மாட்டுக்கு மூலிகை வைத்தியம், பஞ்சகவ்யம், வீட்டுத் தோட்டம் என்று கடை கடையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் மாடித் தோட்டக்காரர்கள். அவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. தொட்டியில் தக்காளி போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தக்காளி விலையின் வலி கொஞ்சமாவது தெரியும். நம்ம கேள்வி வேறு. ரெண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு உரக்கடையில் பற்று எழுதி வாழ்கிறவன் கைக்கு இந்தப் படிப்பு ஏன் வந்து சேரவில்லை? யார் தடுத்தது?

இந்தப் படிப்பில் ஒன்றுக்கு இப்போது பேர் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். 'பெர்மாகல்ச்சர்', அதாவது நிலைத்த வேளாண்மை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில் மொலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978-ல் புத்தகமாகப் போட்டது. மொலிசன் 1980களில் இந்தியாவுக்கே வந்து பயிற்சி நடத்தினார். 2017 நவம்பரில் ஐதராபாத்தில் உலக மாநாடு போட்டார்கள். முறைப்படி படித்தால் 72 மணி நேரப் பாடம், முடிவில் ஒரு சான்றிதழ். தங்கிப் படிக்கிற இடங்களில் பல ஆயிரம் ரூபாய் கட்டணம், பெரும்பாலும் பாடம் இங்கிலீஷில்.

பாடத்தில் அப்படி என்ன இருக்கிறது? சுருக்கமாகச் சொல்கிறோம், கேளுங்கள். தினம் பார்க்க வேண்டியதை வீட்டுக்குப் பக்கத்தில் வை, வாரம் ஒருமுறை பார்க்கிறதைத் தள்ளி வை, வருசத்துக்கு ஒருமுறை வெட்டுகிற மரத்தை எல்லையில் வை. கீரையும் மிளகாயும் கொல்லைக் கதவை ஒட்டி இருந்தால்தான் பறிப்பாய், தண்ணீர் ஊற்றுவாய். பாத்திரம் கழுவின தண்ணி வாழைக்குப் போகட்டும். மேட்டில் தொழுவம், அதற்குக் கீழே எருக்குழி, அதற்குக் கீழே வயல் என்று இருந்தால் சத்து தானாகவே இறங்கும், தலைச்சுமை மிச்சம். வேலியில் கிளிரிசிடியாவும் அகத்தியும் நட்டால் வேலிக்கு வேலி, ஆட்டுக்குத் தழை, மண்ணுக்கு உரம். ஒரு பொருளுக்குக் குறைந்தது ரெண்டு மூன்று வேலை கொடு, ஒரு தேவைக்கு ரெண்டு மூன்று வழி வை. தரையை வெயிலுக்கு நிர்வாணமாகக் காட்டாதே, மூடாக்குப் போடு.

இதையெல்லாம் கேட்டதும் நம்ம பெரியவர்கள் சிரிக்கிறார்கள். "இது எங்க தாத்தா செஞ்சதுதானே, இதுக்கு வெள்ளைக்காரன் சான்றிதழா?" என்கிறார்கள். பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மீதியை மறைக்கக் கூடாது. தாத்தா காலத்தில் கண்மாயில் தண்ணி இருந்தது, மேய்ச்சலுக்குப் புறம்போக்கு இருந்தது, வீட்டுக்கு நாலு மாடு இருந்தது. இன்றைக்குக் கிணறு வறண்டு ஆழ்துளைக் கிணறு பாதாளத்துக்குப் போய்விட்டது. தாத்தாவுக்குத் தெரிந்தது அப்பாவுக்கு வரவில்லை, ஏனென்றால் அப்பா காலத்தில் எல்லாம் மூட்டையில் வந்தது. அப்பாவுக்குத் தெரியாதது மகனுக்கு எங்கிருந்து வரும்? ரெண்டு தலைமுறையில் அறுந்த கயிற்றை "எங்களுக்கு எல்லாம் தெரியும்" என்ற வீம்பால் முடிச்சுப் போட முடியாது. மறுபடி கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். படித்தும், பார்த்தும், ஒருவரை ஒருவர் கேட்டும்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று அடுத்த கேள்வி வரும். உதவாதுதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். உரக்கடையில் அடுக்கியிருக்கும் யூரியா மூட்டையும் யாரோ ஏட்டில் படித்து எழுதியதிலிருந்துதான் வந்தது. காற்றில் இருக்கும் நைட்ரஜனை ஆலையில் பிடிக்கும் வித்தையை ஜெர்மனியில் 1909-ல் கண்டுபிடித்தார்கள், 1913-ல் ஆலை வைத்தார்கள். அதே வேலையை நம்ம தக்கைப்பூண்டு வேர்முடிச்சில் சத்தமில்லாமல் செய்கிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் இருக்கிற தழைச்சத்து 20.7 கிலோ. ஒரு ஏக்கரில் தக்கைப்பூண்டு நன்றாக வளர்ந்து, பூக்கும் பருவத்தில் 45 நாளில் மடக்கி உழுதால் ஒரு மூட்டைக்குக் குறையாத தழைச்சத்து மண்ணுக்குப் போகும். இந்தக் கணக்கு தெரிந்தவன் கடைக்காரன் முன்னால் நிற்கிற தோரணையே வேறாக இருக்கும்.

இன்னொரு கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,047 லிட்டர் தண்ணீர். மூன்று மில்லிமீட்டர் பெய்தால் பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி ஒன்று உங்கள் நிலத்தில் வந்து கொட்டியதாக அர்த்தம். வருசத்துக்கு 900 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில் ஒரு ஏக்கரில் விழுகிறது 36 லட்சம் லிட்டர், அதாவது முந்நூறு லாரி. அதில் எத்தனை லாரியை வரப்பு தாண்டி ஓட விட்டோம்? சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வாய்க்கால் வெட்டி, அதன் கீழ்க்கரையில் மரம் வைத்தால் எத்தனை லாரி மண்ணுக்குள் இறங்கும்? மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். மூன்று கம்பு, ஒரு கயிறு, ஒரு கல் போதும். 'ஏ' சட்டம் என்று பேர். அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். இந்த அரை நாள் பாடத்தை நம்ம ஊருக்கு வந்து யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

படிப்பை உழவனிடமிருந்து பிரித்தது இன்று நேற்று நடந்ததல்ல. நந்தனத்தை அடுத்த சைதாப்பேட்டைக்கு வாருங்கள். தென்னாட்டின் வேளாண் படிப்பு அங்கேதான் தொடங்கியது. 1860களில் சென்னை கவர்னராக இருந்த வில்லியம் டெனிசன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து நீராவி ஏரும், கதிரடிக்கும் இயந்திரமும், ரசாயன உரமும் கொண்டுவந்து சைதாப்பேட்டையில் அரசுப் பண்ணை வைத்தார்கள். 1868-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்த வேளாண் பள்ளிதான் 1906-ல் கோவைக்குப் போய், கல்லூரியாகி, இன்றைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. தொடக்கத்திலேயே பாடம் இதுதான்: துரைக்குத் தெரியும், குடியானவனுக்குத் தெரியாது.

அந்த வெள்ளைக்காரர்களிலேயே நேர்மையானவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். 1889-ல் இந்திய விவசாயத்தை ஆராய அனுப்பப்பட்ட வோல்க்கர், ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1893-ல் அறிக்கை போட்டார். இந்திய உழவன் சராசரி ஆங்கிலேய உழவனுக்குச் சளைத்தவனல்ல, சில விஷயங்களில் மேலானவன் என்பதே அவர் முடிவு. 1905-ல் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த ஆல்பர்ட் ஹோவர்டு, உழவர்களையும் பூச்சிகளையுமே தன் பேராசிரியர்களாக எடுத்துக்கொண்டதாக எழுதினார். 1924 முதல் இந்தூரில் இருந்து அவர் வகுத்த மக்கு உர முறை உலகம் முழுக்கப் போனது. இன்றைக்கு இயற்கை விவசாயத்தின் முன்னோடி என்று மேல்நாடே அவரைக் கொண்டாடுகிறது. அவருக்குச் சொல்லிக் கொடுத்த குடியானவர்களின் பேர் எந்த ஏட்டிலும் இல்லை.

நம்மாழ்வார் ஐயா கதை உங்களுக்குத் தெரியும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தார். 1963-ல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலைக்குச் சேர்ந்தார். மானாவாரிக் கரிசல்காட்டுக் குடியானவனுக்கு உதவாத, செலவு பிடித்த ஆராய்ச்சி எதற்கு என்று 1969-ல் வேலையை உதறினார். அதற்குப் பிறகு 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை பக்கம் பிச்சினிக்காட்டில், மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பிரச்சாரத்தின் நடுவே உயிர் விடும் வரை, ஊர் ஊராக நடந்தே பாடம் நடத்தினார். கரூர் மாவட்டம் கடவூர் பக்கத்தில் அவர் உருவாக்கிய வானகம் பண்ணை இன்றும் இருக்கிறது.

அவர் உயிரோடு இருந்தபோது அரசு என்ன செய்தது? 2009 ஜூனில் தமிழ்நாடு மாநில வேளாண்மை மன்றச் சட்டத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். வேளாண் பட்டம் பெற்று மன்றத்தில் பதிவு செய்தவர் மட்டுமே வேளாண் ஆலோசனை சொல்லலாம், மற்றவர் சொன்னால் தண்டனை. என்னங்கய்யா நியாயம் இது? பக்கத்து வயல்காரனுக்கு "மூடாக்குப் போடு, பூச்சி குறையும்" என்று சொல்ல உரிமம் வாங்க வேண்டுமாம்! உழவர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வராமலே போயிற்று. 2021-ல் தனி வேளாண் பட்ஜெட் போட்டபோது, அதே வேளாண் பல்கலைக்கழகத்தில் நம்மாழ்வார் பேரில் இயற்கை வேளாண்மை ஆராய்ச்சி மையம் அமைப்போம் என்று அறிவித்தார்கள். 2023 மார்ச்சில் இயற்கை வேளாண்மைக் கொள்கையும் வந்தது. பேர் வைத்ததை வரவேற்கிறோம். ஆனால் பேர் பலகை வயலுக்கு வராது. உழவனிடமிருந்து உழவனுக்குப் போகிற படிப்புக்கு எவ்வளவு பணம் ஒதுக்குகிறீர்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், கசந்தாலும் கேளுங்கள். இயற்கை விவசாயம் என்றால் உரத்தை நாளைக்கே நிறுத்து, முதல் போகத்திலேயே மூட்டை மூட்டையாக விளையும் என்று மேடையில் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். இலங்கையைப் பாருங்கள். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் அந்த அரசு தடை செய்தது. மக்கு உரம் தயாரிக்க அவகாசம் இல்லை, சொல்லிக் கொடுக்க ஆளில்லை. நெல்லும் தேயிலையும் விழுந்தன, யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் நம்ம சொந்தங்கள் தவித்தார்கள். அரிசியை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். இயற்கை விவசாயம் தோற்றது என்று உரக் கம்பெனிக்காரர்கள் இன்றுவரை அதைக் காட்டிக் குதிக்கிறார்கள். படிப்பில்லாமல் மேலே இருந்து போட்ட உத்தரவு தோற்றது என்கிறோம் நாம். மண் தேற மூன்று நாலு போகம் ஆகலாம். முதலில் அரை ஏக்கர், கால் ஏக்கரில் செய்து, கணக்கெழுதிப் பார்த்துத்தான் மாற வேண்டும்.

ஆந்திராவில் வேறு வழியில் போனார்கள். 2016-ல் தொடங்கி, இயற்கை விவசாயத்தைக் கற்றுத் தேர்ந்த உழவர்களையே அடுத்த உழவர்களுக்கு ஆசிரியர்களாக்கினார்கள். மகளிர் சுய உதவிக் குழு வழியாகப் பாடம் போனது. சொல்லிக் கொடுக்கிறவருக்கு மதிப்பூதியம் உண்டு. குறைகள் இருக்கலாம், ஆனால் ஆசிரியர் சேற்றில் கால் வைத்தவர். அது நமக்கும் வேண்டும். நம்ம ஊரில் அட்மா திட்டத்தில் பண்ணைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. அது நம்ம ஒன்றியத்தில் எங்கே, எப்போது நடந்தது, யார் பேரில் கையெழுத்து வாங்கினார்கள் என்று கேளுங்கள். மதியச் சாப்பாடு போட்டு, பேனரோடு போட்டோ எடுத்து அனுப்பினால் அது பள்ளியா?

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டிடம் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், 2006-07 முதல் 2010-11 வரை, தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளிலும் பணிகள் நடந்தன, அதில் ஊருக்கொரு நூலகமும் கட்டினார்கள். நல்ல திட்டம், மறுக்கவில்லை. இன்றைக்குப் பல ஊர்களில் அந்தக் கதவில் துருப்பிடித்த பூட்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் உடைந்த நாற்காலி, ப்ளீச்சிங் பவுடர் மூட்டை, கரையான் தின்ற புத்தகம். சில ஊர்களில் வெள்ளையடித்துத் திறந்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களைப் பாராட்டுகிறோம்.

பணமில்லை என்று சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. 1948-ம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டுகிறோம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அதற்காகப் பாடுபட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் நம்ம சீர்காழிக்காரர். வசூலான வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. பூட்டிக் கிடக்கும் கட்டிடமோ ஊராட்சியின் பொறுப்பு. அங்கே கேட்டால் இங்கே போ என்பான், இங்கே கேட்டால் அங்கே போ என்பான். வரி கட்டினவன் நடுவில் நிற்கிறான்.

வழி இல்லையா என்றால், 1931-லேயே வழி காட்டிவிட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 21-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் நூலகம் ஏற்றினார். தொடங்கி வைத்தவர் அதே ரங்கநாதன். ரெண்டு மாடு இழுக்கும் வண்டியில் புத்தகம் ஊர் ஊராகப் போனது. கார் இல்லை, கரண்டு இல்லாத ஊர்கள், வெள்ளைக்காரன் ஆட்சி. இன்றைக்கு ஊருக்கு ஊர் தார் ரோடு போட்டிருக்கிறோம், அந்த ரோட்டில் டாஸ்மாக் லாரி தவறாமல் வருகிறது, புத்தகம் மட்டும் நந்தனத்தைத் தாண்டாது என்றால் யாரை ஏமாற்றுகிறீர்கள்? 2022 முதல் மாவட்டத் தலைநகரங்களிலும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது. சந்தோஷம். அங்கே வந்து போகிற பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போனால் புத்தகம் வாங்கக் கையில் என்ன மிஞ்சும்?

நந்தனத்தைப் பற்றி இன்னொன்று. நந்தன வருசத்தில் உருவான குடியிருப்பு என்பதால் ராஜாஜி அந்தப் பேரை வைத்ததாகச் சொல்வார்கள். அதற்கு அடுத்த தியாகராய நகர் 1920களில் ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர். நுங்கம்பாக்கம் தொட்டு சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரி அது. மழைநீரை நிலத்தில் நிறுத்துவது எப்படி என்ற புத்தகத்தை, ஏரியைத் தூர்த்த ஊருக்குப் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள். ஏரியும் கண்மாயும் இன்னும் மிச்சம் இருக்கிற நம்ம ஊரில் அந்தப் புத்தகம் இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். பூட்டிய ஊராட்சி நூலகங்களைத் திறக்க வேண்டும், திறந்து வைக்கிறவருக்கு மாதாமாதம் ஊதியம் தர வேண்டும். நாம் கட்டிய நூலக வரியில் நம்ம ஊருக்கான பங்கைப் புத்தகமாகத் தர வேண்டும். எந்தப் புத்தகம் என்பதை ஊர் உழவர்கள் முடிவு செய்ய வேண்டும், பதிப்பாளரிடம் தள்ளுபடியில் கட்டுக் கட்டாக வாங்கி அனுப்பும் பழைய சரக்கு வேண்டாம். நிலைத்த வேளாண்மைப் பாடம், பல்கலைக்கழகத்தின் பயிர்க் கையேடு எல்லாம் தமிழில், கண் மங்கினவரும் படிக்கும் பெரிய எழுத்தில் இலவசமாக வர வேண்டும். ஒன்றியத்துக்குச் சில உழவர் ஆசிரியர்களையாவது, பட்டம் கேட்காமல், வயலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். 2009 சட்டம் போல ஒன்று வேறு பேரில் மறுபடி வந்தால் கோட்டைக்கு முன்னால் உட்காருவோம் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

பெண்கள் விஷயத்தை ஒதுக்கி வைக்க முடியாது. நிலம் ஐயா பேரில், வேலை அம்மா தலையில் என்றுதான் பல வீட்டில் நடக்கிறது. விதை எடுத்து வைப்பது, கீரைப்பாத்தி, கோழி, ஆடு எல்லாம் அவர்கள் கையில். ஆனால் பயிற்சி என்று வந்தால் பட்டா வைத்திருப்பவருக்கே அழைப்பு. இந்தப் படிப்பு வீட்டுக் கொல்லையிலிருந்து தொடங்குகிறது என்பதால் முதல் மாணவி அம்மாதான். சோறாக்கி முடித்த பிறகு, இரவு ஏழு மணிக்கு மேல் நூலகத்தில் விளக்கெரிய வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும். பிள்ளைகளுக்கும் விவசாயம் காதில் விழும்.

அரசு செய்யும் வரை காத்திருக்கப் போவதில்லை. நம்ம சங்கக் கிளை ஒவ்வொன்றும் அஞ்சு புத்தகமாவது வாங்கி வைக்க வேண்டும். வாரம் ஒரு நாள், பத்துப் பேர், ஒரு அத்தியாயம். படித்ததை அந்த வாரமே ஒருத்தர் வயலில் ஒரு பாத்தியிலாவது செய்து பார்க்க வேண்டும். என்ன போட்டோம், என்ன செலவு, என்ன விளைந்தது என்று நாற்பது பக்க நோட்டில் எழுத வேண்டும். தோற்றதையும் எழுதுங்கள், பக்கத்து ஊர்க்காரனுக்கு அது ரொம்ப உதவும்.

கிராம சபை ஆண்டில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் சபையில் கீழ்க்கண்ட தீர்மானத்தை எழுதியே கொண்டு போங்கள்: "நமது ஊராட்சி நூலகத்தை 30 நாட்களுக்குள் திறந்து, மாலை நேரத்தில் உழவர் படிப்புக்கு ஒதுக்க வேண்டும். நமது ஊராட்சியில் கடந்த மூன்று ஆண்டுகளில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் நமது ஊருக்குச் செலவானது எவ்வளவு என்ற கணக்கை அடுத்த கிராம சபையில் வைக்க வேண்டும்." பதிவேட்டில் ஏற்றும் வரை எழுந்து வராதீர்கள். கையெழுத்தை மேலே வெற்றிடம் விட்டுப் போடாதீர்கள். நகல் கேட்டு வாங்கி ஒன்றைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை: நூலகத்துச் சாவி இப்போது யார் வீட்டில் தொங்குகிறது என்று இன்று சாயங்காலமே விசாரித்து வையுங்கள்.